சென்னையில் நாய்க்குட்டி விலை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

சென்னையில் ஒரு லேப்ரடார் குட்டிக்கு ஆறாயிரமும் கேட்கிறார்கள், முப்பத்தைந்தாயிரமும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே பாயில் விட்டால் புதிதாக வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டும் வாலாட்டும், இரண்டும் விரலைக் கடிக்கும். வித்தியாசம் முதல் பத்து நாளில் கொஞ்சம் தெரியும், இரண்டு வயதில் மீதி தெரியும்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக் காவலுக்கும் துணைக்கும் வாங்குகிறவருக்குக் கொடுத்த காசு நிற்பது, தாய் நாயைக் கண்ணால் காட்டி, எட்டு வாரம் முடிந்தபின் குட்டியைக் கொடுக்கும் சின்ன பிரீடரிடம் (வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி விற்பவரிடம்) தான். லேப் என்றால் பன்னிரண்டிலிருந்து இருபதாயிரம் வரை அங்கே நியாயமான விலை. அதற்கு மேலே போகும் காசு பெரும்பாலும் பேப்பர் என்கிற இனச் சான்றிதழுக்கும் பரம்பரைக்கும் போகிறது. அதற்குக் கீழே மிச்சமாகும் காசு பெரும்பாலும் டாக்டரிடம் போகிறது.

விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேரம் பேசுவது சுலபம். பெண் நாய் ஹீட்டுக்கு வந்ததும் நல்ல ஆண் நாயிடம் விட வேண்டும். அதற்கு ஸ்டட் கட்டணம் ரொக்கமாகவோ, ஈத்தில் முதலில் பொறுக்கும் ஒரு குட்டியாகவோ போகும். சினை ஏறத்தாழ 63 நாள். நான்காம் வாரத்துக்கு மேல் ஸ்கேன், 55 நாளுக்கு மேல் குட்டிகளை எண்ண எக்ஸ்ரே. பக், புல்டாக் போன்ற பெரிய தலை நாய்களுக்குப் பல நேரம் சிசேரியன்தான். லேப் ஏழெட்டுக் குட்டி போடும், அதனால் செலவு பங்காகிவிடும். ஷிட்சூ மூன்று நான்கு, டாய் பாமரேனியன் ஒன்று இரண்டு. உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு லேப்பைவிட இரண்டு மடங்கு கேட்பதற்கு முக்கியமான காரணம் இதுதான், அழகு அப்புறம்.

இதில் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. குட்டி பிறந்து நான்கு வாரம் வரை பெரும்பாடு தாயினுடையது. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரைதான் பிரீடருக்கு உண்மையான செலவு: எட்டு வாய்க்குத் தீனி, பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, நாள் முழுக்க அள்ளிக் கழுவுகிற வேலை. அதனால்தான் 35 நாளிலேயே தள்ளிவிடப் பார்க்கிறார்கள். மலிவான குட்டியின் மலிவு எங்கே என்று தேடினால் பாதிக்கு மேல் இந்தக் கடைசி நான்கு வாரத்தில்தான் ஒளிந்திருக்கும். அந்த நான்கு வாரத்தில்தான் உடன்பிறப்புகளோடு புரண்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதைத் தவறவிட்ட குட்டி வீட்டில் பிள்ளைகளின் கையைப் பதம் பார்க்கும். 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

வயதைப் பொய் சொல்லிவிடலாம், பல்லை வைத்துப் பொய் சொல்ல முடியாது. எட்டு வாரக் குட்டிக்குப் பால் பல் 28ம் பெரும்பாலும் வந்திருக்கும். உதட்டை ஓரமாக விலக்கிக் கடைவாய்ப் பக்கம் பாருங்கள். முன்பல்லும் கோரைப்பல்லும் மட்டும் இருந்து, பின்னால் ஈறு மொழுமொழுவென்று இருந்தால் அது ஐந்து வாரத்துக் குட்டி; 'அறுபது நாள் சார்' என்பது கதை. எடையும் சொல்லும். எட்டு வார லேப் பொதுவாக நாலரையிலிருந்து ஆறு கிலோ வரை இருக்கும். மூன்று கிலோதான் இருக்கிறது என்றால் வயது குறைவு, அல்லது வயிற்றில் புழு.

இனி இடங்கள். பிராட்வே பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற திறந்தவெளி விற்பனையில் விலை குறைவு, தேர்வு அதிகம், மதிப்பு பூஜ்யம். பல ஊர்க் குட்டிகள் ஒரே கூண்டில் நெருக்கிக் கிடக்கும். குட்டிகளை வாந்தி, பேதியில் கொல்லும் பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண ஃபினாயிலுக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால்தான் சாகும். சந்தையில் யார் ஊற்றுகிறார்கள்? கொளத்தூர் பக்கத்திலும் நகரம் முழுக்கவும் இருக்கிற பெட் கடைகளில் ஏசியும் கண்ணாடிக் கூண்டும் இருக்கும், ரசீதும் கிடைக்கும். ஆனால் குட்டி பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கி விற்பதுதான். பிரீடர் கேட்பதற்கு மேல் கடைக்காரர் லாபத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தாயைப் பார்க்காமலே வருவீர்கள். தீனியும் சங்கிலியும் வாங்கக் கடை நல்ல இடம். குட்டி வாங்க இல்லை.

மோசம் தரகர்கள். இணைய விளம்பரத்தில் படம், வாட்ஸப்பில் வீடியோ, ஜிபேயில் அட்வான்ஸ், வீட்டு வாசலில் கூடையில் குட்டி. வெளியூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த குட்டி, தண்ணீரில்லாமல் எட்டு மணி நேரம். தாயைக் காட்டுங்கள் என்றால் ஏதோ ஒரு பெரிய நாயின் படம் வரும். நேரலை வீடியோவில் தாயின் வயிற்றைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரம் பால் கொடுத்த தாய்க்குக் காம்புகள் பெருத்துத் தொங்கும், விலா எலும்பு லேசாகத் தெரியும், முடி கொட்டியிருக்கும். வயிறு ஒட்டி, காம்பு சின்னதாக, மினுமினுவென்று ஒரு நாயைக் காட்டினால் அது தாய் இல்லை, வாடகைக்கு வந்த நடிகை.

சின்ன பிரீடரிடம் போனால் முதலில் மூக்கை நம்புங்கள், பிறகு தாயைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு தாய் கட்டிலுக்கடியில் பதுங்கினாலோ, கம்பியைக் கடித்துக்கொண்டு சீறினாலோ குட்டியின் குணமும் அந்தப் பக்கம்தான் சாயும். ஒரே வீட்டில் நாலு இனம், வருடம் முழுக்க எந்நேரமும் குட்டி இருக்கிறது என்றால் அது வீடு இல்லை, உற்பத்திக் கூடம். பெண் நாய்க்குப் பதினெட்டு மாதமாவது முடிந்திருக்க வேண்டும், வருடத்துக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது என்பது விதி. 'இது எத்தனாவது ஈத்து?' என்று சும்மா கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவர் நல்லவர்.

பேப்பர் குட்டிக்கு ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். இன நாய்களைப் பதிவு செய்து சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் (கேசிஐ) தலைமை அலுவலகமே அண்ணா நகரில் இருப்பதால் சென்னையில் 'கேசிஐ பேப்பர்' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அந்தச் சான்றிதழ் சொல்வது பரம்பரையையும் பிறந்த தேதியையும். ஆரோக்கியத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. டாக் ஷோவுக்குக் கொண்டு போகவும், முறையாக இனம் பெருக்கவும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தக் காசு தகும். வாங்கினால் குட்டியின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண்ணை ஸ்கேனரில் படிக்கவைத்துச் சான்றிதழில் உள்ள 15 இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். உரிமையாளர் பெயர் மாற்றமும் செய்து வாங்குங்கள். 'பேப்பர் பின்னால வரும் சார்' என்றால் வராது. 'சாம்பியன் பிளட்லைன்' என்றால் மூன்று தலைமுறைப் பட்டியலில் அந்தப் பட்டம் எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். கொள்ளுத்தாத்தா வாங்கிய கோப்பைக்குப் பேரன் தலையில் விலை ஏற்றக் கூடாது. பேப்பரைவிட அபூர்வமான, அதைவிட மதிப்புள்ள காகிதம் ஒன்று உண்டு: லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் பெற்றோருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்று காட்டும், இரண்டு வயதுக்கு மேல் எடுத்த எக்ஸ்ரே. அதைக் காட்டுகிற பிரீடர் இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.

சந்தைப் பேச்சில் அதிகம் ஏமாற்றும் சொல் 'டபுள் போன்'. அப்படி ஓர் எலும்பு கிடையாது. முன்கால் மணிக்கட்டு உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தால் அதைக் காட்டித்தான் விலை ஏற்றுவார்கள். கொஞ்சம் புடைப்பு வளரும் பெரிய இனக் குட்டிக்கு இயல்பு. ஆனால் புடைப்போடு கால் வளைந்து, பாதம் விரிந்து, நடக்கச் சோம்பினால் தீனியில் கால்சியம் கணக்குப் பிசகி எலும்பு மெலியும் ரிக்கெட்ஸ் நோய். நோய்க்கு ஐயாயிரம் கூடுதலாகக் கொடுக்கிற கூத்து அது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 'டபுள் கோட்' என்று தனி விலை சொன்னால் சிரித்துவிடுங்கள், அந்த இனத்துக்கே இரட்டை ரோமம்தான். 'பஞ்ச் ஃபேஸ்' பக், ஷிட்சூவில் மூக்கு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு விலை. அதே அளவுக்கு மூச்சுத் திணறலும். மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். கீறல் போல மூடியிருந்தால் சித்திரை வெயிலில் அந்த நாய் தாங்காது.

நிறத்துக்கும் நகத்துக்கும் நடக்கும் பேரம் தனி. கறுப்பு லேப்பைப் பலர் தள்ளிவிடுவதால் இரண்டாயிரம் குறையும். குணத்தில் ஒரு குறையும் இல்லை, அடித்துப் பேசி வாங்குங்கள். பெண் குட்டிக்கும் அப்படித்தான், குட்டி போடுமே என்ற பயத்தில் விலை இறங்கும். கருத்தடைச் செலவைச் சேர்த்தாலும் நல்ல பேரம். நகம் எண்ணுகிறவர்களுக்கு: முன்கால் ஐந்தைந்து, பின்கால் நாலுநாலு, ஆக 18. பின்கால் இரண்டிலும் கூடுதல் விரல் ஒட்டியிருந்தால் 20. அதிர்ஷ்டத்துக்கு விலை வைக்காதீர்கள்.

'ஊசி போட்டாச்சு' என்றால் அட்டையைக் கேளுங்கள். தடுப்பூசிப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், காலாவதி தேதி, பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தேதியும் பேனாக் கிறுக்கலும் மட்டும் இருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி, 16 வாரம் வரை தொடர வேண்டும். ரேபிஸ் மூன்று மாதத்தில். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செல்லாததாக்கிவிடலாம் என்பதால்தான் இத்தனை முறை. ஆக 45 நாள் குட்டிக்கு 'ஃபுல் வேக்சின் முடிஞ்சுது' என்பது நடக்காத காரியம்.

குட்டியைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை பத்து நிமிட வேலை. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா? வெளுத்திருந்தால் புழு அல்லது உண்ணிக் காய்ச்சல். வயிறு மட்டும் பானை போல, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் அது கொழுகொழு இல்லை, புழு. தொப்புளில் மெத்தென்ற உருண்டை குடலிறக்கம். சின்னது என்றால் பயமில்லை, விலையில் கழியுங்கள். காதுக்குள் காப்பித் தூள் போல அழுக்கு என்றால் காதுப் பூச்சி. பவுடர் வாசனை தூக்கலாக வந்தால் ரோமத்தை எதிர்த்துத் தடவித் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். ஆண் குட்டிக்கு விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பின்னாலிருந்து கை தட்டுங்கள். வெள்ளை ராஜபாளையத்திலும் டால்மேஷியனிலும் பிறவிச் செவிடு உண்டு. உடன்பிறப்புகளோடு இருக்கும்போது தட்டினால் மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும், தனியே எடுத்து வைத்துத் தட்டுங்கள்.

நாட்டு இனங்களில் இன்னொரு கோளாறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி குட்டிகளுக்குத் தென் மாவட்டங்களில் சொல்லும் விலைக்கும் சென்னையில் சொல்லும் விலைக்கும் நிறைய இடைவெளி. சிப்பிப்பாறை என்ற பெயரில் கிரேஹவுண்ட் கலப்பும் தாராளமாக வருகிறது. இரண்டு பெற்றோரையும் பார்க்க முடியாவிட்டால் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் காலை மாலை ஓடவிட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பிரெஞ்சு புல்டாக், பக் உள்ளிட்ட 11 இனங்கள் இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை பட்டியல் போட்டது. ஹஸ்கிக்கு இன்று சொல்லும் விலையோடு கோடை முழுக்க ஓடும் ஏசியின் கரண்ட் பில்லையும் கூட்டித்தான் விலை பார்க்க வேண்டும். ராட்வீலர், பிட்புல் என்றால் மாநகராட்சி உரிமம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

காசே கொடுக்காமல் வாங்கும் வழியும் இருக்கிறது. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸிலும் தெருத்தெருவாக இயங்கும் தன்னார்வலர்களிடமும் தத்துக் குட்டிகள் கிடைக்கும். விலை இல்லை, தடுப்பூசியும் கருத்தடையும் உங்கள் பொறுப்பு. சென்னை வெயிலும் மழையும் நம்ம நாட்டு நாய்க்குப் பழக்கம். தோல் நோயும் இடுப்புக் கோளாறும் குறைவு. விலையை மதிப்பால் வகுத்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் குட்டியின் அம்மா தெரியாததால் வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்பதை யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக உத்தரவாதம். 'இருபத்துநாலு மணி நேர கியாரண்டி' என்று சிரித்துக்கொண்டே தருவார்கள். பார்வோ உள்ளே புகுந்து வெளியே தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம். அதனால் அந்தக் கியாரண்டி விற்பவருக்குத்தான். ரசீதில் குட்டியின் பிறந்த தேதி, சிப் எண், போட்ட ஊசி, இவற்றோடு 'பத்து நாளுக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்று டாக்டர் உறுதி செய்தால் பணம் திரும்ப' என்று எழுதி வாங்குங்கள். வாங்கிய இரண்டு நாளுக்குள் உங்கள் டாக்டரிடமோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் இன்னும் ஆயிரம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம், குட்டியை வாங்கவே வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடம் குட்டி சாப்பிட்டு வந்த அதே தீனியில் ஒரு வாரத்துக்கானதையும் கேட்டு வாங்கி வாருங்கள், முதல் நாளே தீனி மாற்றினால் வயிறு கெடும்.