ஆய்வகத்திலிருந்து பயோடெக் தலைமைக்கு: பத்து வாரப் பயிற்சி எப்படி இருந்தது?

செல் உயிரியலில் முனைவர் பட்டம், அப்புறம் ஐந்து வருடம் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி), அப்புறம் ஒரு சின்ன பயோடெக் கம்பெனியில் ஆராய்ச்சி வேலை. திடீரென்று ஆறு பேர் கொண்ட குழுவை நீயே பார்த்துக்கொள் என்றார்கள், அந்தப் பதற்றத்தில்தான் விஞ்ஞானிகளுக்கென்றே நடத்தும் இந்த ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் ஒரு நேரலை வகுப்பு, ஒரு வீட்டுப்பாடம்.

நான்காவது வாரம் ஒன்றுக்காகவே சேரலாம். அவரவர் திட்டத்தை எடுத்துக்கொண்டு, என்ன ரிசல்ட் வந்தால் இதை நிறுத்திவிடுவீர்கள் என்று சோதனை தொடங்கும் முன்பே எழுதித் தர வேண்டும், எண்ணோடு. இரண்டு இரவு வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை மங்கலாக வந்தால், புரதத்தைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடியை மாற்றி மறுபடி ஓட்டுவோம், அதுவும் சரிவரவில்லை என்றால் சோதனைக்காக வளர்க்கும் செல் வகையை (செல் லைன்) மாற்றுவோம், கைவிடும் பேச்சே வராது, அப்படித்தானே நாம் வளர்ந்தோம்? ஆனால் மனிதப் பரிசோதனைக்குள் போகும் மருந்துகளில் பத்தில் ஒன்பது தேறுவதில்லை, செலவு எகிறுவதோ நிறைய நோயாளிகளிடம் சோதிக்கும் மூன்றாம் கட்டத்தில், அதனால் தேறாதது சீக்கிரமே தெரிந்துவிட்டால்தான் அடுத்த மருந்துக்குக் காசு மிஞ்சும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தாலும் எலியில் கட்டி 30 சதவீதமாவது சுருங்காவிட்டால் நிறுத்து என்று நான் ஆராயும் புரதத்தைப் பற்றி நானே எழுதியபோதுதான் உறைத்தது. பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, ஏன் 30, இப்போது நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து எவ்வளவு சுருக்குகிறது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியை இப்போது என் குழுவில் எல்லோரிடமும் கேட்கிறேன்.

குறை என்றால், உதாரணங்கள் எல்லாமே ஜெயித்தவர்கள். ஆர்தர் லெவின்சன் 1980இல் ஜெனென்டெக் என்ற பயோடெக் கம்பெனியில் விஞ்ஞானியாகச் சேர்ந்து 1995இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனதை ஒரே ஸ்லைடில் முடித்துவிட்டார்கள், நடுவில் இருக்கும் பதினைந்து வருடம்தானே எங்களுக்கு வேண்டியது! வேதியியல் நோபல் வாங்கிய வால்டர் கில்பர்ட் ஹார்வர்டை விட்டுவிட்டு பயோஜென் என்ற இன்னொரு பயோடெக் கம்பெனியை நடத்தப் போய், கம்பெனி நஷ்டத்தில் ஓட 1984இல் விலகினாரே, அதைப் பற்றி ஒரு வகுப்பு வைத்திருந்தால் எவ்வளவோ கற்றிருப்போம். ஜெனென்டெக்கை 1976இல் தொடங்கிய ஹெர்பர்ட் போயர் நிர்வாகத்தைத் தன்னோடு சேர்ந்து தொடங்கிய ராபர்ட் ஸ்வான்சனிடம் விட்டுவிட்டுப் பேராசிரியராகவே தொடர்ந்தார், அதுவும் ஒரு வழிதான் என்று யாரும் சொல்லவில்லை.

ஆட்களைக் கையாள்வதற்கு மொத்தமே ஒரு மணி நேரம், இது போதவே போதாது. மூன்று வருடம் உழைத்தவரிடம் உன் திட்டத்தை நிறுத்துகிறோம் என்று எப்படிச் சொல்வது? போன மாதம் நான் அதைச் சொல்லித் திணறினேன், அவர் கண் கலங்கியதும் வந்த வார்த்தையும் நின்றுவிட்டது.

வீட்டுப்பாடத்துக்கு வரும் கருத்துகளும் சில சமயம் பத்து நாள் தாமதம். முனைவர் பட்டம் முடிக்காதவர்கள் இப்போதைக்குக் காத்திருங்கள். கையில் ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் ஒன்று இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம், நான்காவது வாரத்தில் மட்டும் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.