சோலார் கொட்டேஷனை ஈபி அட்டையோடு வைத்துப் படியுங்கள்

எங்கள் வீடு திருச்சியில். மாடியில் 540 வாட் பேனல் ஆறு, மொத்தம் 3.24 கிலோவாட். பேனலின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்ற 3 கிலோவாட் இன்வெர்ட்டர், பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் இணைப்பு. 2024இல் ஆடி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், கொடுத்தோம். ஆவணியில் வேலை முடிந்தது. அதன்பின் இரண்டு கோடையும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. மாடியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் எந்த பிராண்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அன்றைக்கு வந்த கொட்டேஷன்களில் எந்த வரி நின்றது, எந்த வரி வெறும் ஜோடனை என்று சொன்னால், இப்போது விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது கூடுதலாகப் பயன்படும்.

எங்களுக்கு வந்தவை நான்கு. முதலாவது, "3 கிலோவாட்" ரூ.1,68,000, அதற்குக் கீழே தடித்த எழுத்தில் "மானியம் போக ரூ.90,000 மட்டுமே". இரண்டாவது ரூ.1,95,000. மூன்றாவது எட்டடி உயர ஸ்ட்ரக்சரோடு, அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு, ரூ.2,18,000. நான்காவதாக வந்தவர் 5 கிலோவாட்டுக்கு ரூ.2,90,000 போட்டிருந்தார். "சார், நாளைக்கு இன்னொரு ஏசி வரும், எலக்ட்ரிக் வண்டி வரும். போடுறதே போடுறீங்க, பெருசா போட்டுடுங்க" என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

நான்கையும் மேசையில் பரப்பிவிட்டு நான் எடுத்தது ஈபி அட்டையைத்தான். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 900 யூனிட் ஓடும். நாங்கள் அட்வான்ஸ் கொடுத்த சமயத்தில்தான் ஜூலை கட்டண உயர்வும் வந்தது. அந்த அட்டவணைப்படி 900 யூனிட்டுக்குக் கணக்கு இப்படி: முதல் 100 இலவசம், 400 வரை யூனிட் ரூ.4.70, 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, அதற்கு மேல் 10.50. கூட்டினால் ரூ.5,820. இனி சோலார் போட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் என்று வையுங்கள். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட் கழியும், மிச்சம் 420. அது 500க்குக் கீழே வந்துவிடுவதால் கட்டண விகிதமே குறைந்த அட்டவணைக்கு மாறி, பில் சுமார் ரூ.1,300தான் வரும். 3 கிலோவாட் என்றால் மிச்சம் 180 யூனிட், பில் 190 ரூபாய்க்குள். 5 கிலோவாட் போட்டால்? அந்த 190 ரூபாயும் மிச்சமாகும். அவ்வளவுதான்.

அதாவது முதல் இரண்டு கிலோவாட் மிச்சப்படுத்துவது இரண்டு மாதத்துக்குச் சுமார் ரூ.4,520. மூன்றாவது கிலோவாட் சுமார் ரூ.1,100. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து 190. நான்காவது கொட்டேஷன் அப்போதே கீழே போய்விட்டது. மின்சாரக் கார் வாங்கும் நாளில் அந்தக் கணக்கை அப்போது போட்டுக்கொள்ளலாம்.

இதையே 500 யூனிட் ஓடும் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 500 வரை அந்தக் குறைந்த அட்டவணைதான் என்பதால் அங்கே பில்லே ரூ.1,805தான். 3 கிலோவாட் போட்டு அதை முழுசாகத் துடைத்தாலும் வருடத்துக்குப் பதினோராயிரம்கூட மிச்சமில்லை. என் வீட்டில் முப்பத்து மூவாயிரத்துக்கு மேல். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே பேனல். மானியம் கழித்துப் பார்த்தால் எனக்கு மூன்றரை வருடத்தில் போட்ட காசு திரும்பும், அவர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேல் ஆகும். "நாலு வருஷத்துல முதல் எடுத்துடலாம்" என்று எந்தக் கொட்டேஷனில் அச்சடித்திருந்தாலும், அது யார் வீட்டு பில்லை வைத்துப் போட்ட கணக்கு என்று கேளுங்கள். என் மைத்துனர் வீட்டில் 450 யூனிட்தான் ஓடும். நான் போட்டிருக்கிறேன் என்பதற்காக அவரும் போட வேண்டியதில்லை என்று நானே சொல்லிவிட்டேன். கட்டண அட்டவணை மாறினால் எண்களும் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான்.

அடுத்து விலைக்கு வருவோம். மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு ஒப்பிடுவது வீண்வேலை. பேனல்களின் வாட்டைக் கூட்டி, விலையை அதால் வகுக்க வேண்டும். 1,68,000 சொன்னவரின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் "540 வாட் × 5" என்றிருந்தது. அது 2.7 கிலோவாட். 3 கிலோவாட்டாக இருந்தது இன்வெர்ட்டர் மட்டும்தான். வகுத்தால் ஒரு வாட்டுக்கு ரூ.62. இரண்டாவதில் பேனல் ஆறு, 3,240 வாட், ஒரு வாட்டுக்கு ரூ.60. குறைந்த விலை மாதிரி தெரிந்ததுதான் கூடுதல் விலை.

இது மானியத்தையும் கடிக்கும். பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000, உச்சம் ரூ.78,000. கொள்ளளவு என்று அவர்கள் எடுப்பது பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதை. 2.7 கிலோவாட்டுக்குக் கிடைப்பது ரூ.72,600. "மானியம் போக 90,000" என்ற தடித்த எழுத்து அங்கேயே ரூ.5,400 பொய். அதோடு "நெட் மீட்டர் கட்டணம், மின்வாரியச் செலவுகள் வாடிக்கையாளரைச் சேர்ந்தவை" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. நாம் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை எடுத்ததில் கழித்துக் காட்டும் மீட்டர்தான் நெட் மீட்டர். இந்தக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு ஐந்து பேனலா, ஆறா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுதான் சார், பைஃபேஷியல் பேனல், பின்பக்கமும் எடுக்கும்" என்றார். எங்கள் மாடியில் பதித்திருப்பது சிவப்புத் தட்டோடு. அதிலிருந்து பின்பக்கத்துக்கு என்ன வெளிச்சம் எகிறிவிடப் போகிறது!

மானியம் விஷயத்தில் இன்னொன்று. அது வேலை முடிந்து, மின்வாரியம் பார்த்து, நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு நம் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது. கம்பெனிக்கு முழுத் தொகையையும் நாம்தான் முதலில் கொடுக்க வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். ஆகவே "மானியம் போக" என்ற எண்ணை அடித்துவிட்டு முழு விலையைப் பார்த்தே பேரம் பேசுங்கள். மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் வகையாக, அதாவது உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். "டிசிஆர்" என்ற சொல்லும் பேனலின் மாடல் எண்ணும் கொட்டேஷனிலேயே இருக்கட்டும். சரக்கு இறங்கும்போது பேனலின் பின்னால் இருக்கும் சீரியல் எண்களைப் போனில் படம் எடுத்து, இன்வாய்ஸோடு ஒத்துப் பாருங்கள். ஸ்ட்ரக்சரில் ஏற்றிவிட்டால் பிறகு அடியில் படுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வரி பற்றிச் சுருக்கமாக. நான் வாங்கியபோது மொத்தத்தில் 70 சதவீதம் பொருளாகவும் 30 சதவீதம் சேவையாகவும் கணக்கிட்டு, 12க்கும் 18க்கும் இடையில் 13.8 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கான வரி 5 சதவீதமாகிவிட்டது. அதே கணக்கில் இப்போது 8.9. பழைய டெம்ப்ளேட்டிலேயே 13.8 போட்டு அனுப்புகிறவர்கள் இருந்தால் கேளுங்கள். "வரி உட்பட" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இனி ஸ்ட்ரக்சர். என்னைக் கேட்டால் கொட்டேஷனில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆனால் நான்கிலுமே இதற்கு ஒரே ஒரு வரி: "ஜிஐ ஸ்ட்ரக்சர் – 1 செட்". பேனல் ஒவ்வொன்றும் சுமார் இரண்டேகால் மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்கு மேல் அகலம். ஆறும் சேர்ந்தால் நூற்றறுபது சதுர அடிக்கு மேல் ஒரு தகடு, லேசாகச் சாய்ந்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. மாடிக்கு அதன் எடை ஒரு பொருட்டே இல்லை. காற்று அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் பயம். 2018இல் கஜா புயல் டெல்டாவில் செய்ததைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் எழுதித் தரச் சொன்னவை: குழாயின் அளவும் தடிமனும், முலாம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்கா, எத்தனை மைக்ரான், போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, கால்களை எதில் ஊன்றுவார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் விதவிதமான பதில்கள் வந்தன. முதலாமவர் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிப்பேன் என்றார். ஐப்பசியில் கூடத்தில் பக்கெட் வைக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டாமவர், கால்களைச் சுவர்களும் பீமும் போகும் வரிசைக்கு நேர் மேலே நிறுத்தி, துளைக்காமல் காங்கிரீட் கட்டை வார்த்துப் பிடிப்பதாகச் சொல்லி, கட்டையின் அளவையும் வரைந்து காட்டினார். வேலை அவருக்கே போனது. எட்டடி உயரம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அடியில் துணி காயப்போட இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும், கழுவ ஏறுவதும் சிரமம்.

அவருடைய வேலையிலும் குறை இல்லாமல் இல்லை. முலாம் பூசிய குழாயை மாடியில் வைத்தே கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். அறுத்த வாயில் முலாம் ஏது? முதல் மழைக்கே குழாய் முனைகளிலிருந்து பழுப்பு நிறத்தில் துரு ஒழுகி, காங்கிரீட் கட்டையின் வெள்ளை மேல் கோடு கோடாக இறங்கியிருந்தது. போன் செய்தால் "பெயிண்ட் அடிச்சுடுறோம் சார்" என்று சொல்லியே மார்கழி வரை ஓட்டினார்கள். கடைசியில் நானே துத்தநாகம் கலந்த ஸ்ப்ரே வாங்கி, எமரியால் தேய்த்து, இரண்டு கோட்டு அடித்து, முனைகளுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டேன். அதற்குப் பிறகு துரு இல்லை. "வெட்டிய முனைகளுக்கு ஜிங்க் பூச்சு" என்று ஒரு வரியைக் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், செலவு அவ்வளவு அற்பம்.

மின்சாரப் பகுதியில் நான் பார்த்தது எர்த்திங்கை. டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி வேண்டும். "எர்த்திங் கிட்" என்று மட்டும் இருந்தால் எத்தனை குழி என்று கேட்க வேண்டும். டிசி கேபிள் 4 சதுர மில்லிமீட்டர், வெயில் தாங்கும் சோலார் கேபிளாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் சாதாரண வயரை மாடியில் இழுத்தால் சில கோடைக்குள் தோல் வெடித்துவிடும்.

வாரண்டிக்கு வந்தால், எல்லாக் கொட்டேஷனிலும் "25 வருடம்" என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். அது உற்பத்தித் திறன் படிப்படியாகத்தான் குறையும் என்ற உறுதி. பேனல் உடைந்தாலோ பழுதானாலோ மாற்றித் தரும் வாரண்டி அதைவிடக் குறைவு. எங்களுக்கு 12 வருடம். இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10 வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிய பொருள் அதுதான் என்பதால் நான் எட்டு வருடம் கொடுத்ததை எடுத்தேன். சூர்யகர் திட்டத்தில் பொருத்தித் தருகிறவர் ஐந்து வருடம் பராமரிப்பும் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாக ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, இவ்வளவும் பார்த்து வாங்கியது எவ்வளவு கொடுக்கிறது? கொட்டேஷனில் "ஆண்டுக்கு 5,400 யூனிட்" என்று போட்டிருந்தார்கள். கிலோவாட்டுக்கு ஐந்து என்று வைத்த கணக்கு அது. நடப்பில் 4,400 பக்கம் வருகிறது. மாசி, பங்குனியில் நாளுக்கு 14, 15 யூனிட். அக்னி நட்சத்திரத்தில் அதைவிட அதிகம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் உற்பத்தி இறங்கும். வெயில் வேறு, வெளிச்சம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டமான நாளில் 4 யூனிட் வந்தால் பெரிது.

காலை எட்டரை வரை பக்கத்து வீட்டுத் தென்னை ஒரு பேனல் மேல் நிழல் போடும். இதை முன்கூட்டியே காட்டி, வரிசையை மேற்கே நகர்த்தச் சொன்னதால் இழப்பு கொஞ்சம்தான். கொட்டேஷனுக்கு வருகிறவர் மாடி ஏறாமல் வாசலிலேயே விலை சொன்னால், அவர் எந்த நிழலையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கழுவும் செலவை யாரும் கொட்டேஷனில் போடுவதில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெயில் ஏறியபின் அதை ஊற்றினால் கண்ணாடியில் வெள்ளை வட்டங்கள் படியும், பிறகு போகாது. விடிகாலையில் கழுவி, ரப்பர் வைப்பரால் உடனே இழுத்துவிட வேண்டும். காக்கை எச்சத்துக்கு மட்டும் கையில் துணி.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. ஆன்கிரிட் சோலார் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. இது தெரியாமல் "அதான் சோலார் இருக்கே, ஏன் ஃபேன் ஓடலை?" என்று கேட்காத உறவினர் இல்லை. பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் சேர்த்து ஒரு விலை கேட்டேன்; சோலார் மொத்தத்துக்கும் ஆன செலவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு மேலே சொன்னார்கள். எங்கள் தெருவில் மின்தடை மாதாந்திரப் பராமரிப்பு நாளோடு முடிகிறது. அதற்கு ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டரும் ஆசிட் பேட்டரியும் போதும் என்று விட்டுவிட்டேன். உங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகும் என்றால், அந்த ஒரு வரிக்காக மட்டும் தனியாக இன்னொரு கொட்டேஷன் கேளுங்கள்.