உபரி மல்லிக்கு எது வழி: அத்தரா, கான்கிரீட்டா, எள்ளா?

முகூர்த்தம் இல்லாத வாரத்தில் குண்டுமல்லி பறிகூலிக்குக்கூடக் கட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்போதெல்லாம் கிளம்பும் பேச்சு ஒன்றுதான்: “இங்க ஒரு சென்ட் ஃபேக்டரி வந்தா போதும்.” வரட்டும். எந்த முறையில் என்று யாரும் கேட்பதில்லை.

அத்தர் என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இன்றும் செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் செம்புக் குடத்துக்குள் இறங்கும். அந்தக் குடத்தில் முன்பே ஊற்றி வைத்த சந்தன எண்ணெய்தான் வாசனையைப் பிடித்து வைக்கிறது. தொழில் நொடித்ததும் அங்கேதான். சந்தன எண்ணெய் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டியதும் பலர் லிக்விட் பாரஃபினுக்கும் டி.பி.ஜி. என்ற செயற்கைக் கரைப்பான் திரவத்துக்கும் மாறிவிட்டார்கள். சந்தனம் நமக்கும் அந்நியமில்லை. சந்தனக் கடத்தல் என்று சொல்லி 1992-ல் வனத்துறையும் போலீசும் நடத்திய வன்முறையைச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமம் மறக்கவில்லை. சந்தனத்தை நம்பி இன்று இங்கே அத்தர் அடுப்பு மூட்டுவது வீண் வேலை.

கோவை வட்டாரத்து ஆலைகளின் வழி வேறு. ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பானில் பூவை ஊறவைத்து, பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்தால், பூவின் மெழுகும் மணமும் சேர்ந்த களிம்பு மிஞ்சும். அதற்குப் பெயர் கான்கிரீட். 1,000 கிலோ சாதிமல்லிக்குச் சுமார் 3 கிலோ கிடைக்கும்; குண்டுமல்லியில் இன்னும் குறைவு. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆலைக்குத் தினமும் பூ வேண்டும். முகூர்த்த நாளில் மாலைக்கட்டு வியாபாரி கொடுக்கும் விலையை எந்த ஆலையும் கொடுக்காது, அன்று எந்த விவசாயியும் ஆலைப் பக்கம் போகமாட்டார். உபரியை மட்டும் நம்பி பாய்லர் ஓடாது.

ஓசூர் தாஜ்மகால் ரோஜாவை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது ஜாடியில் வாடாமல் நிற்பதற்கான பூ, வாசனைக்கானது அல்ல.

செயற்கை மல்லி சென்ட்டுக்குப் பென்சைல் அசிடேட் போன்ற ரசாயனங்கள் போதும், பூவே வேண்டாம். மலிவு. விவசாயிக்குச் சல்லிக் காசு வராது.

என் ஓட்டு எள்ளுக்கு. சுத்தம் செய்து காயவைத்த எள்ளை ஒரு அடுக்கு, பனி ஈரம் உலர்ந்த பூ ஒரு அடுக்கு என மாற்றி மாற்றிப் பரப்பி, வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போட்டுக்கொண்டே வந்தால், சில நாளில் எள்ளுக்கே மல்லி வாசம் ஏறிவிடும். பிறகு செக்கில் ஆட்ட வேண்டியதுதான். உத்தரப் பிரதேசத்து ஜான்பூரில் சமேலி (மல்லி) எண்ணெய் இப்படி எடுப்பது வழக்கம். ஈரம் தங்கினால் எள் பூசணம் பிடிக்கும், அதில்தான் கண் வேண்டும். மற்றபடி சந்தனம் வேண்டாம், ஹெக்சேன் வேண்டாம். பூ விலை ஏறும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

ஒன்று, இதைச் சென்ட் என்று விற்கக் கூடாது. இது கூந்தல் எண்ணெய். சென்ட் பாட்டில் பக்கத்தில் வைத்தால் தோற்கும், தலைக்குத் தேய்க்கும் தைல வரிசையில் வைத்தால் விலை நிற்கும்.