எக்செல், டேலி, ஈஆர்பி: பனியன் கம்பெனிக்கு எது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி, "அந்த நேவி ப்ளூ ஆர்டர் எங்க நிக்குது?" என்று கேட்டால் நாலு பதில் வரும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தன் எக்செல் ஷீட்டைப் பார்த்து, "துணி வந்துருச்சுங்க, கட்டிங் ஓடுது" என்பார். ஸ்டோர்காரர் நோட்டைப் புரட்டி, சாயப்பட்டறையிலிருந்து இன்னும் ஆறு ரோல் வரணும் என்பார். அக்கவுண்ட்ஸில் பார்த்தால் சாயப்பட்டறை பில் முழு எடைக்கும் ஏறியிருக்கும். கட்டிங் மாஸ்டர் துணி குறைவதாகப் போன வாரமே சொன்னாராம், யார் காதிலும் விழவில்லை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த நிலையில்தான், "எல்லாத் துறையையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளான ஈஆர்பி போட்டுடலாமா, இல்ல கணக்கு எழுதுற டேலியே போதுமா?" என்ற பேச்சு கிளம்பும். பொதுவாக இதற்கு மென்பொருளின் வசதிகளைப் பட்டியல் போட்டுப் பதில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு எக்செல், டேலி, ஈஆர்பி மூன்றிலும் ஓட்டிப் பார்ப்போம்.

20,000 டி-ஷர்ட் ஆர்டர். பீஸுக்கு 200 கிராம் துணி என்று வைத்துக்கொண்டால் 4,000 கிலோ துணி வேண்டும். நிட்டிங்கிலும் சாயத்திலும் சேர்த்து 8 சதவீதம் எடை போகும் என்று போட்டு 4,348 கிலோ நூல் வாங்கியாயிற்று. ஆனால் உண்மையில் போனது 10 சதவீதம். கையில் வருவது 3,913 கிலோ. பற்றாக்குறை 87 கிலோ, அதாவது 435 பீஸ். இந்த 87 கிலோவை எந்த மென்பொருள், எந்த நாளில், யாரிடம் சொல்லும்?

முதலில் எக்செல். மேலே போட்ட கணக்கை ஆர்டர் வருவதற்கு முன்பே போட இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆர்டர் கொடுக்கும் பையர் ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னாலோ, டாலர் விலை மாறினாலோ, நூல் விலை ஏறினாலோ ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். இந்தக் காஸ்டிங்கை, அதாவது விலைக் கணக்கை, ஈஆர்பிக்குள் போட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் கம்பெனிகளில்கூட மெர்ச்சண்டைசர் ரகசியமாக ஒரு எக்செல் ஷீட் வைத்திருப்பார். அதைத் தடுக்க நினைப்பது வீண்.

ஆனால் அந்த 10 சதவீதத்தை எக்செல் தானாகத் தெரிந்துகொள்ளாது. யாராவது ஸ்டோரில் கேட்டு வந்து தட்ட வேண்டும். அப்புறம் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று மூன்று ஃபைல் இருக்கும். எது உண்மையான ஃபைனல் என்பது அதைச் செய்தவருக்கு மட்டும் தெரியும், அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு. பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் சேர்த்தது. அந்த வடிவம் ஒரு ஷீட்டில் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. 16,000-க்குக் கொஞ்சம் குறைவான தொற்றுகள் கணக்கில் சேராமல் சில நாள் நின்றன. இப்போதைய எக்செல் பத்து லட்சம் வரிசைக்கு மேல் தாங்கும், நமக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் விடுபட்டதை எக்செல் தானாக வந்து சொல்லவில்லை என்பது நமக்கும் பொருந்தும்.

அடுத்து டேலி. இதைக் 'கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்தானே' என்று மட்டமாகப் பேசுவது ஈஆர்பி விற்க வருகிறவர்களின் வழக்கம். பஞ்சாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருள் சப்ளை செய்துகொண்டிருந்த ஷ்யாம் சுந்தர் கோயங்காவுக்குத் தன் தொழிலுக்கே ஒரு கணக்கு மென்பொருள் தேவைப்பட்டது. மகன் பரத் கோயங்கா எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து 1986-இல் பெங்களூரில் பிறந்ததுதான் டேலி. வியாபாரியின் தலைக்குள் கணக்கு எப்படி ஓடுமோ அப்படியே அதில் ஓடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு அதன் பிடி இன்னும் இறுகிவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பில்லை அரசு தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். டேலியில் பில் போடும்போதே அதையும் எடுத்துவிடலாம், சரக்கு வண்டியில் போகத் தேவையான இ-வே பில்லையும் எடுத்துவிடலாம். ஆடிட்டருக்கும் டேலி ஃபைல்தான் பழக்கம். டேலி தெரிந்த பெண் ஒருவர் வேலையை விட்டால் அடுத்த வாரமே இன்னொருவர் கிடைப்பார். ஈஆர்பிக்கு அப்படி ஆள் தேடிப் பாருங்கள், தெரியும். இன்னொன்று: கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரலிலிருந்து, செய்த ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் கணக்கு மென்பொருளையே வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் எக்செலில் கணக்குப் புத்தகம் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

சரி, 87 கிலோ? ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கொடுத்துச் செய்யும் நிட்டிங், சாயம் போன்ற வேலைக்கு, சரக்கு போவதையும் வருவதையும் பதிய டேலியில் தனி வவுச்சர்களே உண்டு. வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் டேலி இருப்பது அக்கவுண்ட்ஸ் அறையில், துணி இறங்குவது கம்பெனி கேட்டில். பெரும்பாலான இடங்களில் சாயப்பட்டறை பில் வந்ததும் அதைச் செலவாக ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எடை, சரக்கோடு வரும் டெலிவரி சலான் எனும் டிசி புத்தகத்திலேயே தங்கிவிடும். மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதுதான் 87 கிலோ தலைகாட்டும். அதற்குள் ஷிப்மெண்ட் போயிருக்கும், பையர் குறைவான பீஸுக்குப் பணத்தைப் பிடித்திருப்பார்.

இப்போது வரிச் சட்டமும் அந்தக் கேட்டைத்தான் எட்டிப் பார்க்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டி எடுத்துக்கொள்ளும். சிறு, குறு தொழில் செய்பவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரியில் கழிக்க முடியும். இந்த நாட்களை எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்து அல்ல, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. அந்தத் தேதி யாரிடம் இருக்கிறது? ஸ்டோர்காரரின் நோட்டில்.

ஜோஹோ புக்ஸ் போன்ற கிளவுட் கணக்கு மென்பொருளையும் கேட்பார்கள். முதலாளி வெளியூரில் இருந்தபடி போனில் பாக்கி பார்க்க நல்ல வசதி. ஆனால் துணி எடை விஷயத்தில் டேலிக்குச் சொன்னதேதான் இதற்கும்.

இனி ஈஆர்பி. 1972-இல் ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பேர் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்ஏபி இதில் பெரிய பெயர். சிறு நிறுவனங்களுக்கு அதன் பிசினஸ் ஒன், பெல்ஜியத்தின் ஓடூ, மும்பையில் உருவான ஈஆர்பி நெக்ஸ்ட் எல்லாம் உண்டு. பனியன் தொழிலுக்கென்றே கோவை, திருப்பூரில் எழுதி விற்பவர்களும் இருக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு முறை பதிந்தால் எல்லாத் துறைக்கும் அது போய்ச் சேரும். கேட்டில் எடை போட்டுப் பதிந்த உடனே ஸ்டாக் ஏறும், சாயப்பட்டறையின் பாக்கி எடை குறையும், பற்றாக்குறை மெர்ச்சண்டைசர் திரையில் தெரியும், அதிக எடைக்கு வந்த பில் அக்கவுண்ட்ஸில் நிற்கும். 87 கிலோ துணி இறங்கிய அன்றே தெரிந்துவிடும். மீதி நூலை வாங்கி, சாயம் போட்டு, 435 பீஸையும் தைத்து அனுப்ப நேரம் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எடையை அன்றே பதிந்தால்தான் இவ்வளவும். நான் பார்த்த ஒரு கம்பெனியில் ஈஆர்பி போட்டு ஒரு வருடம் ஆகியும், ஸ்டோர்காரர் வாரம் முழுக்க நோட்டில் எழுதி சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டிருந்தார். லட்சங்கள் செலவழித்து வாங்கியது, ஆறு நாள் பழைய தகவல்.

பணம் இருந்தால் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஜெர்மனியின் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் லிடில் ஏழு ஆண்டு உழைத்து, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018-இல் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டது. சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது லிடிலின் வழக்கம், அந்த மென்பொருளோ விற்கும் விலையை வைத்து நடப்பது. வழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை வளைக்கப் போய்ச் சிக்கல் பெருகியது என்று செய்திகள் கூறின. இங்கே அதே மோதல் கிலோவுக்கும் பீஸுக்கும் நடுவே வரும். நூலும் துணியும் கிலோவில் வந்து, கட்டிங் தாண்டியதும் பீஸாக மாறும். ஐந்து கலர், ஆறு சைஸ் என்றால் ஒரே ஸ்டைல் 30 சரக்காகப் பிரியும். இதைச் சுற்றி வளைக்காமல் செய்யாத ஈஆர்பி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் நமக்கு ஆகாது.

பீஸ் ரேட் கூலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈஆர்பியில் வழி உண்டு, ஆனால் சனிக்கிழமை கூலி நேரத்தில் காண்ட்ராக்டரின் நோட்டுதான் ஜெயிக்கும்.

என் முடிவு வழக்கமான ஆலோசனைக்கு நேர் எதிர். விற்றுமுதலைப் பார்த்து ஈஆர்பி போடச் சொல்கிறார்கள். நான் சரக்கு எத்தனை முறை கேட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பேன். நிட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒரே கூரைக்குள் நடந்தால், கம்பெனி பெரிதாக இருந்தாலும் டேலியையும் எக்செலையும் வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். நூல் வாங்குவதைத் தவிர எல்லா வேலைக்கும் சரக்கு வெளியே போய் வருகிற சின்ன கம்பெனிக்குத்தான் ஈஆர்பி சீக்கிரம் தேவைப்படும். அப்படிப் போட்டாலும் முதல் வருடம் ஸ்டோரும் ஜாப் ஒர்க்கும் மட்டும் அதில் ஓடட்டும். கணக்கு டேலியிலேயே இருக்கட்டும், காஸ்டிங் எக்செலிலேயே இருக்கட்டும்.

விற்க வருகிறவர் டெமோ காட்டும்போது முதலாளி அறையில் வேண்டாம். கேட்டுக்குக் கூட்டிப் போங்கள். அன்று வந்த ஒரு சாயப்பட்டறை டிசியை ஸ்டோர்காரர் கையில் கொடுத்து, அவரையே பதியச் சொல்லுங்கள். டெம்போக்காரர் ஹாரன் அடிப்பதற்குள் முடிகிறதா என்று பாருங்கள். விலை பேசுவது அப்புறம்.