குரோமியமா, மக்னீசியமா? என் ஓட்டு மக்னீசியத்துக்கு

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியில் கவுனி அரிசியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டே, "அண்ணே, குரோமியம் போடுங்க, சர்க்கரை தன்னால இறங்கும்" என்று யோசனை சொல்ல ஒருத்தராவது இருப்பார். நான் போடுவது மக்னீசியம்.

இரண்டும் மெடிக்கலில் சீட்டில்லாமலே கிடைக்கும். இரண்டுமே டாக்டர் தரும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு மாற்று கிடையாது. இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: குறைகிறதா என்று சோதித்துப் பார்க்க முடியுமா? மக்னீசியத்துக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. டெசிலிட்டருக்கு 1.7 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்பார்கள். எனக்கு 1.5. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் கேட்டது, "கேஸ் மாத்திரை எத்தனை வருஷமாப் போடுறீங்க?" அதை வருஷக்கணக்கில் விழுங்கினால் மக்னீசியம் இறங்கலாமாம். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது சிறுநீரிலும் அது போய்விடும். இன்சுலின் சொல்வதைச் செல் கேட்கவே மக்னீசியம் வேண்டும் என்பதால், சர்க்கரையால் அது குறைய, அது குறைவதால் சர்க்கரை இன்னும் முரண்டு பிடிக்கும். ஆனால் ஒன்று, உடம்பிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை. அதனால் ரிப்போர்ட் நார்மல் என்றாலும் உள்ளே குறைந்திருக்கலாம்.

குரோமியத்துக்கு இந்த வசதியும் இல்லை. குறைவைக் காட்டும் நம்பகமான பரிசோதனை கிடையாது. அது சர்க்கரைக்கு நல்லது என்பதே 1950களில் எலிகளை வைத்துத் தொடங்கிய பேச்சு. 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், குரோமியம் மனிதருக்கு அத்தியாவசியம் என்பதற்கே போதிய ஆதாரமில்லை என்றது. சில ஆய்வுகளில் சர்க்கரை இறங்கியது, சிலவற்றில் அசையவில்லை. நான் போட்டுப் பார்த்ததில்லை, படித்ததைத்தான் சொல்கிறேன்.

சரி, மக்னீசியத்தால் எனக்குச் சர்க்கரை இறங்கியதா? மூன்று மாதச் சராசரி கொஞ்சம் குறைந்தது. அதே சமயம் ராத்திரி இடியாப்பத்தையும் குறைத்தேன், நடக்கவும் தொடங்கினேன். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது மட்டும் நின்றுவிட்டது.

மக்னீசியம் மாத்திரையில் ஆக்ஸைடு வகை வாங்கினால் வயிறு இளகும். மெட்ஃபார்மினும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் கிளைசினேட் வகைக்கு மாறிவிட்டேன். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் மக்னீசியம் உடம்பில் தங்கி ஆபத்தாகும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.