பசங்களுக்கு புதுசா என்ன புக்கு வாங்கலாம்? என் சாய்ஸ் இதுதான்

படப்புத்தகம்னா கண்ண மூடிட்டு வஷ்டி ஹாரிசனோட ‘பிக்’ (Big, அதாவது ‘பெரிய’) வாங்குங்க. 2023ல வந்துச்சு, 2024ல கால்டிகாட் மெடலும் (அமெரிக்காவுல படப்புத்தக ஓவியத்துக்குக் குடுக்குற விருது) கெடைச்சுது, அந்த மெடல் வாங்குன மொத கறுப்பினப் பெண் இவங்கதான். ஒரு சின்னப் பொண்ணு, குழந்தையா வளரும்போது எல்லாரும் கொஞ்சுறாங்க, ஒரு ஸ்டேஜுக்கு மேல அதே உடம்ப வச்சே கிண்டல் பண்றாங்க, ஊஞ்சல்ல மாட்டிக்கிட்டப்போ சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. அதுக்கப்புறம் வர்ற படங்களப் பாருங்க, பக்கத்துக்குள்ள அடங்க முடியாம நாலு ஓரத்தையும் முட்டிக்கிட்டு ஒடுங்கிக் கெடப்பா, அப்புறம் அவளே தள்ளுறா, மடிச்சு வச்ச பக்கம் விரிஞ்சு அவளுக்கு எடம் விடுது. எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க. எழுத்து ரொம்ப கம்மி, அதனால வேகமா படிச்சுக் காட்டாதீங்க, ஒவ்வொரு படத்துலயும் நின்னு போங்க.

தானா படிக்கிற வயசு, எட்டுக்கு மேலன்னா பீட்டர் பிரவுனோட ‘தி வைல்ட் ரோபோட்’. 2016ல ஆரம்பிச்ச சீரிஸ், மூணாவது பாகம் 2023ல வந்துச்சு. தீவுல ஒதுங்குன ரோபோ ஒரு வாத்துக்குஞ்ச வளக்குற கதை. சாப்டர் எல்லாம் குட்டி குட்டியா இருக்கும், அதனால தடியான புக்குக்கு பயப்படுற பசங்களும் உக்காந்து படிச்சிடுவாங்க. ஆனா அந்தக் குஞ்சோட குடும்பம் சாகுற எடம் ஒண்ணு வருது, சட்டுனு அழுற பிள்ளைன்னா அந்த சாப்டர் அப்போ பக்கத்துல இருங்க.

இன்னும் பெரிய பசங்களுக்கு 2024 நியூபெரி மெடல் (அமெரிக்காவுல சிறுவர் இலக்கியத்துக்குக் குடுக்குற விருது) வாங்குன ‘தி ஐஸ் அண்ட் தி இம்பாசிபிள்’ (The Eyes and the Impossible), ஒரு நாயே கதை சொல்லும், மொழி கொஞ்சம் கஷ்டம், சேந்து படிச்சா சூப்பரா இருக்கும்.