சிலம்பத் தோளுக்கு ஒரு ஜோடி மர வளையம்: நீண்டநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பினாங்கில் சிலம்பம் ஆடுகிறேன். கைக்கும் தோளுக்கும் பலம் சேர்க்க ஜிம்மில் சேரவில்லை. வாரில் கட்டித் தொங்கவிடும் ஒரு ஜோடி மர ஜிம்னாஸ்டிக்ஸ் வளையம், தரையில் தண்டால், இவை இரண்டோடுதான் சில வருடங்களாக ஓட்டுகிறேன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் "வளையம் வாங்கலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வாங்கலாம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

தண்டால் நல்ல பயிற்சி, அதில் சந்தேகமே இல்லை. இடுப்பை உயர்த்தி, நெஞ்சைத் தரையோடு இழைத்துக் கொண்டுபோய், தலையை நிமிர்த்தி எழும்போது தோள், முதுகு, மணிக்கட்டு எல்லாமே வேலை செய்கின்றன. சாதாரண புஷ்-அப்பிலேயே உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையில் இறங்குகிறது. ஆனால் இரண்டுமே தள்ளுகிற வேலைதான். தள்ளுவதை மட்டுமே வருடக்கணக்கில் செய்தால் நெஞ்சு இறுகித் தோள் முன்னால் சரியலாம். அப்படிச் சரிந்த தோளோடு கம்பைத் தலைக்கு மேல் சுழற்றினால் முழங்கை முழுதாக நீளாது, வீச்சு குறுகிவிடும். எங்கள் ஆசான் வகுப்புக்கு வகுப்பு சொல்வது ஒன்றுதான்: "தோளை இறக்குடா, கம்பு தானா வரும்." அந்தத் தோளை இறக்குவதற்கு முதுகில் பலம் வேண்டும். இழுக்கும் பயிற்சி இல்லாமல் அது வராது.

அதற்குத்தான் வளையம். நான் ஒவ்வொரு முறையும் முதலில் செய்வது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். கையை நேராக நீட்டித் தொங்க வேண்டும். முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். உடம்பு ஓர் அங்குலம்தான் உயரும். மெதுவாக விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். பத்து முறை ஒழுங்காகச் செய்தால் அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கம் தீயாக எரியும். கம்பைச் சுழற்றும்போது தோளை நிலையாகப் பிடித்து வைப்பதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் வாரை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, சாய்ந்து படுத்த நிலையில் நெஞ்சை வளையம் வரை இழுப்பேன். கால் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு கடினம். புல்-அப், அதாவது தொங்கியபடி உடம்பை மேலே இழுப்பது, வராதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

வளையத்தில் புஷ்-அப் செய்வது வேறு கதை. கைக்குக் கீழே தரை இல்லாததால் வளையம் நடுங்கும். அதை அடக்குவதிலேயே முன்கையும் தோளும் களைத்துவிடும். கம்பால் குத்தும்போது நீட்டி நிறுத்துகிறோமே, அந்த நொடியில் கை ஆடாமல் இருக்க இது நன்றாக உதவியது. டிப்ஸில், அதாவது வளையத்தில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றுவதில், மட்டும் அவசரப்படவே கூடாது. தசை சில வாரங்களில் தேறிவிடும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கினால் அன்றே குறைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் மூன்று நாள், மூன்று சுற்று போதும். கம்பு வகுப்புக்கு முன்னால் செய்யாதீர்கள். பிடி களைத்துப்போன கையோடு இன்னொருவர் எதிரில் கம்பு சுற்றுவது ஆபத்து. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடியின் வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருவது. காலடி தேறாதவருக்கு வளையம் வேகத்தைக் கொடுத்துவிடாது.

பொருளைப் பற்றி: பிளாஸ்டிக் வேண்டாம், மரமே வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டால் பிளாஸ்டிக் வழுக்கும், மரம் ஈரத்தை ஓரளவு இழுத்துக்கொள்ளும். ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி வளையத்தின் தடிமன் 28 மில்லிமீட்டர். கடைகளில் 32 மில்லிமீட்டரும் கிடைக்கிறது. என் கை சிறியது, 28 சரியாக இருக்கிறது. விலை நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. மரம் இன்னும் அப்படியே இருக்கிறது, உப்புத்தாள் போட்டு ஒருமுறை தேய்த்ததோடு சரி. வார்தான் வெயிலில் வெளுத்து ஓரம் பிரிந்தது, மாற்றிவிட்டேன். கொக்கியில் கடற்காற்றுக்குத் துரு ஏறுகிறது. வளையத்தில் தொங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் முழு எடையோடு இழுத்துப் பாருங்கள்.

வார நாட்களில் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திடலின் இரும்புக் கம்பியில் மாட்டுவேன். ஞாயிறு காலை யூத் பார்க் பக்கம். அங்கே நிழல் அதிகம், குரங்கும் அதிகம். சாப்பாட்டுப் பையைத் திறந்து வைத்துவிட்டுத் தொங்காதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தொங்குவதும் சாய்ந்து இழுப்பதும் போதும். என் அக்கா மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். தொடக்கத்தில் கிட்டத்தட்ட நின்ற நிலையில்தான் இழுத்தாள். இப்போது, "மாமா, வாரை இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க" என்று அவளே கேட்கிறாள். அவளுடைய கம்பு வீச்சிலும் தோள் இறங்கியிருக்கிறது என்று ஆசான் சொன்னார்.